பதினைந்தடி அறை

1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 27 ஒளிப்படங்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அவற்றை எடுத்தவரும் கொடையாகக் கொடுத்தவரும் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். அவரிடம் கேட்டு வாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி.

இரண்டாவது பெயர் தமிழ் அவைக்கு அறிமுகம் வேண்டாதது. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்த சர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 1877இல் கொழும்பில் பிறந்தவர். இங்கிலாந்தில் நிலவியல் படித்துவிட்டு இலங்கையின் கனிமங்களை ஆராய வந்தார். வந்த இடத்தில், கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்த கைவினைகளைப் பார்த்துக் கலை வரலாற்றின் பக்கம் திரும்பினார். நடராசர் திருமேனியின் பொருளை மேலைநாட்டு வாசகருக்கு எடுத்துச் சொன்ன அவருடைய 'சிவ நடனம்' தொகுப்பு 1918இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பாஸ்டன் அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. செப்புத் திருமேனிகளோடும் ராஜபுத்திர ஓவியங்களோடும் நாளைக் கழித்த ஒருவர், உயிரோடிருந்த ஓர் ஒளிப்படக் கலைஞரிடம் படம் கேட்டார். அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களுக்குள் ஒளிப்படம் கலைப்பொருளாக நுழைந்த முதல் சில தருணங்களில் அது ஒன்று.

அந்தப் படங்கள் அருங்காட்சியகத்தின் வாசலை எட்டியது ஒரே நாளில் அல்ல. அந்தப் பயணம் 19 ஆண்டுகளுக்கு முன்னால், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், 291ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடியில் தொடங்கியது. அங்கே மூன்று சிறிய அறைகள் இருந்தன. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள் அந்த அறைகள்தான். ஒளிப்படத்தை உலகம் கலையாக மதிக்கத் தொடங்கியதில் கேமராவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அதை மாட்டிய சுவருக்கும் உண்டு. அதை எடுத்துச் சொல்வதே உரையின் நோக்கம்.

ஆளுக்கொரு கேமரா

1888இல் கோடக் கேமரா வந்தது. நூறு படம் எடுக்கும் சுருளோடு அதை விற்றார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகரத்துக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி, பிரின்ட் போட்டு, புதிய சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரௌனி கேமராவின் விலை ஒரு டாலர். குழந்தைகளும் படம் எடுத்தார்கள். படம் எடுப்பது இவ்வளவு எளிதான பிறகு அதில் கலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அதை ஓவியர்களும் விமர்சகர்களும் உரக்கவே கேட்டார்கள்.

ஸ்டீக்லிட்ஸ் 1864இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோகனில் பிறந்தவர். எந்திரவியல் படிக்க பெர்லினுக்குப் போனவர், ஒளிப்பட வேதியியலில் பேர்பெற்ற ஹெர்மன் ஃபோகலின் வகுப்பில் உட்கார்ந்து, பிறகு அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை எனலாம். 1890இல் ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் கேமரா சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் கண்காட்சிகளும் நடந்தன. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான படங்கள், சட்டத்தோடு சட்டம் இடிக்க, கண்மட்டத்துக்கு மேலும் கீழுமாகச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும். ஒருபுறம் பரிசுப் பதக்கம், இன்னொருபுறம் கருவி விற்பனையாளரின் மேசை. அங்கே ஒரு படத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்ப்பது சந்தையில் நின்று கடிதம் படிப்பதைப் போன்றது.

1902இல் ஸ்டீக்லிட்ஸ் அதிலிருந்து விலகி, ஒத்த கருத்துடையவர்களைச் சேர்த்து 'ஃபோட்டோ-செசஷன்' என்ற குழுவைத் தொடங்கினார். பழைய கலைக் கழகங்களை விட்டுப் பிரிந்த மியூனிக், வியன்னா ஓவியர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை ஒட்டி வந்த பெயர் இது. அடுத்த ஆண்டு 'கேமரா வொர்க்' என்ற காலாண்டிதழ் வந்தது. அதன் படங்கள் பெரும்பாலும் ஃபோட்டோகிராவூர் முறையில், செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து அச்சானவை. பல படங்களை மெல்லிய ஜப்பானியத் தாளில் எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டினார்கள். ஆனால் பத்திரிகையில் வருவது அச்சுப் பிரதிதான். கலைஞர் இருட்டறையில் தன் கையால் போட்ட பிரின்ட்டைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது.

மூன்று அறைகள், மூன்று நிறங்கள்

இடத்தைக் காட்டியவர் எட்வர்ட் ஸ்டைக்கன். லக்ஸம்பர்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஓவியரும் ஒளிப்படக்காரருமான இளைஞர். அந்தக் கட்டடத்தில்தான் அவர் குடியிருந்து வேலை செய்தார். வாடகை மாதம் 50 டாலர். 1905 நவம்பர் 24 அன்று 'ஃபோட்டோ-செசஷனின் சிறிய கேலரிகள்' என்ற பெயரில் அறைகள் திறந்தன. பெயரிலேயே 'சிறிய' என்று இருந்தது. நாளடைவில் அந்தப் பெயரும் உதிர்ந்து, கதவிலக்கமே பெயரானது: 291.

பெரிய அறை 15 அடிக்கு 17 அடி. நடு அறை 15க்கு 15. கடைசி அறை 15க்கு எட்டரை. ஒரு நீண்ட அலமாரி என்றே சொல்லலாம். இன்றைய கல்யாண மண்டபங்களில் மணமகள் அறை இதைவிடப் பெரியதாக இருக்கும்.

இந்த அறைகளை அலங்கரித்த விதத்தில் ஸ்டைக்கனின் கண் தெரிகிறது. ஓர் அறையின் சுவரில் வெதுவெதுப்பான சாம்பல் கலந்த ஆலிவ் நிறச் சாக்குத்துணி. மரச்சட்டங்கள் அதே நிறத்தில் இன்னும் இருண்ட சாயல். மேல்தளம் அடர்ந்த பாலேட்டுச் சாம்பல். சின்ன அறையில் வெளுத்த இயற்கைச் சாக்குத்துணி, வெள்ளை மரவேலை. வெள்ளைச் சட்டமிட்ட படங்களும் வெளிர் அட்டையில் ஒட்டிய படங்களும் அங்கே தொங்குவதற்கென்றே அந்த வெளுப்பு. மூன்றாவது அறையில் சாம்பல் நீலம், மங்கிய சால்மன், ஆலிவ் சாம்பல். படத்துக்கு ஏற்ற அறை, அறைக்கு ஏற்ற படம் என்று முதலிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கூரைக்கண்ணாடி வழியே விழும் வெயில் நேரே சுவரில் அடிக்காதபடி மெல்லிய துணி கட்டி அதைச் சல்லடை போட்டார்கள். படங்களுக்குக் கீழே சுவரைச் சுற்றி ஒரு பலகைத் தட்டு ஓடியது. தட்டிலிருந்து சாக்குத்துணித் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால்தான் கிடங்கு. மாட்டாத படங்கள் அங்கே அடுக்கியிருக்கும். அறையின் நடுவில் ஒரு பெரிய பித்தளைப் பாத்திரம். அதில் காய்ந்த கிளையோ பூங்கொத்தோ இருக்கும். பின்னாளில் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த 291 அறைப் படங்களிலும் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கலாம்.

படங்களுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டார்கள். முன்பெல்லாம் ஒரு சுவரில் நாற்பது படங்கள் தொங்கிய இடத்தில் இங்கே ஏழெட்டுப் படங்கள். இடைவெளி விட்டு மாட்டியபோது ஒவ்வொரு படமும் தனித்து நின்றது. பார்ப்பவரும் நின்றார்.

முதல் கண்காட்சியில் குழு உறுப்பினர்களின் நூறு பிரின்ட்டுகள் இருந்தன. அடுத்து பிரான்ஸின் ரொபேர் தெமாஷி முதலானோர், பிறகு கெர்ட்ரூட் கேஸ்பியர், கிளாரன்ஸ் ஒயிட், அதன் பின் பிரிட்டிஷ் படங்கள், மார்ச்சில் ஸ்டைக்கன், ஏப்ரலில் வியன்னாவையும் ஜெர்மனியையும் சேர்ந்தவர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கண்காட்சி. அந்த முதல் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வந்துபோனார்கள். 61 பிரின்ட்டுகள் விற்றன. கிடைத்தது சுமார் 2,800 டாலர். கேமராவே ஒரு டாலருக்குக் கிடைத்த காலத்தில் ஓர் ஒளிப்படத்துக்குச் சராசரி 45 டாலர் கொடுக்க ஆள் இருந்தது.

பிசினும் பிளாட்டினமும்

அவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை ஒரு பிரின்ட்டின் அருகில் போனால்தான் புரிந்துகொள்ள முடியும்.

அன்றைய கலை ஒளிப்படக்காரர்கள் பெரிதும் விரும்பியவை இரண்டு முறைகள். ஒன்று கம் பிரின்ட். வேலம் பிசினைக் கரைத்து, அதில் நிறப்பொடியும் பைக்ரோமேட் உப்பும் கலந்து, தூரிகையால் தாளில் பூச வேண்டும். பூச்சு காய்ந்ததும் நெகடிவை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். கரைக்கும்போது தூரிகையால் தடவியோ தண்ணீரைச் சற்று வேகமாக விட்டோ எந்த இடம் வெளுக்க வேண்டும், எது இருள வேண்டும் என்று கலைஞரே தீர்மானிக்கலாம். காய்ந்தபின் மேலே இன்னொரு நிறம் பூசி மறுபடியும் வெளிச்சம் காட்டலாம். ஒரே நெகடிவிலிருந்து இரண்டு பிரின்ட் போட்டால் இரண்டும் இரு வேறு படங்களாக வரும்.

மற்றது பிளாட்டினம் பிரின்ட். இதில் உருவம் தாளின் மேல் பளபளக்கும் படலமாக உட்காராது. தாளின் நாரிலேயே படியும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எண்ணி மாளாத சாம்பல் நிறங்கள். மேற்பரப்பில் மினுக்கம் கிடையாது. மங்கிப் போகவும் செய்யாது. கை நீளத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிழலுக்குள் இருக்கும் இன்னொரு நிழல் தெரியும்.

இப்படிப்பட்ட பிரின்ட்டுக்குப் பெரிய மண்டபம் எதிரி. ஐம்பதடி தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் சாம்பல் கட்டம். பதினைந்தடி அறையில் யாரும் அவ்வளவு தூரம் விலகி நிற்க முடியாது. அந்த நெருக்கமே பார்வையாளரைப் பிரின்ட்டின் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

இந்த வேலைப்பாட்டின் மதிப்பு பின்னாளில் சந்தையிலும் தெரிந்தது. ஸ்டைக்கன் 1904இல் எடுத்த 'குளம் — நிலவொளி' படத்தில் மரங்களின் கறுப்புக்கு நடுவே நிலா எழுகிறது. பிளாட்டினம் பிரின்ட்டின் மேல் கையால் நிறமேற்றிய படம் அது. அதற்கு மூன்று பிரின்ட்டுகள் உண்டு. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. அவற்றில் ஒன்று 2006 பிப்ரவரியில் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு ஓர் ஒளிப்படத்துக்கு ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அதுதான்.

ஓவியங்கள் உள்ளே வந்தபோது

1907 ஜனவரியில் 291இல் முதன்முதலாக ஒளிப்படம் அல்லாத கண்காட்சி நடந்தது. பமீலா கோல்மன் ஸ்மித்தின் ஓவியங்கள். டாரட் சீட்டுகளுக்குப் படம் வரைந்து பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். ஒளிப்படத்துக்கு என்று திறந்த இடத்தில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று குழுவுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஸ்டீக்லிட்ஸின் எண்ணம் வேறு. ஒளிப்படத்தைக் கலை என்று தனியாகச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, மற்ற கலைகளுக்கு எதிரே ஒரே சுவரில், மாறி மாறி நிறுத்திப் பார்த்தால் என்ன?

ஸ்டைக்கன் பாரிஸுக்குப் போய் அங்கிருந்து படங்களைத் தேர்ந்து அனுப்பினார். 1908 ஜனவரியில் ரோடினின் வரைபடங்கள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மத்தீஸ். அமெரிக்காவில் அவருடைய முதல் கண்காட்சி. 1911இல் செசானின் நீர்வண்ணங்களும், பிறகு பிக்காசோவின் 83 வரைபடங்களும். 1914இல் பிரான்கூசியின் சிற்பங்களும், அந்த ஆண்டு இறுதியில் ஆப்பிரிக்கச் சிற்பங்களும். 1912இல் குழந்தைகள் வரைந்த படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகங்கள் தொடாத பெயர்களை ஒரு மாடியறை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இடையில் 1908இல் வாடகை ஏறியது. ஸ்டீக்லிட்ஸால் தாங்க முடியவில்லை. அறைகளைக் காலி செய்தார். பால் ஹவிலண்ட் என்ற இளைஞர் குத்தகைப் பணத்தைக் கொடுத்து, நடைவழிக்கு எதிர்ப்புறம், ஒட்டியிருந்த 293ஆம் எண் கட்டடத்தில் 15 அடிச் சதுரத்தில் ஓர் அறையைப் பிடித்தார். இரு கட்டடங்களுக்கும் நடுச்சுவர் எடுபட்டிருந்தது, லிஃப்ட் ஒன்றே. கதவிலக்கம் மாறியும் பெயர் 291 என்றே நின்றது.

1913 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்மரி கண்காட்சி திறந்தது. ஐரோப்பிய, அமெரிக்க நவீன ஓவியமும் சிற்பமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளாக ராணுவக் கொட்டகை ஒன்றில் வந்து இறங்கின. நகரமே அங்கே திரண்டது. அதே நாட்களில், பிப்ரவரி 24 முதல் மார்ச் 15 வரை, ஸ்டீக்லிட்ஸ் 291இல் தன் ஒளிப்படங்களை மட்டுமே தொங்கவிட்டார். அங்கே ஓவியம் புதுப்பாதை தேடுகிறதா, இங்கே ஒளிப்படம் தன் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

இந்த வளர்ச்சியில் ஓர் இழப்பும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஓவியம் பெருகப் பெருக, 291இன் சுவரில் ஒளிப்படம் அருகியது. 1910க்குப் பிறகு அங்கே நடந்த ஒளிப்படக் கண்காட்சிகளை விரல்விட்டு எண்ணலாம். ஸ்டீக்லிட்ஸ் பிடித்த பிடியை விடாத மனிதர். ஸ்டூடியோ வைத்துச் சம்பாதித்த கேஸ்பியருக்கும், கலையைக் காசாக்கக் கூடாது என்ற அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1912இல் கேஸ்பியர் விலகினார். கிளாரன்ஸ் ஒயிட்டும் விலகி, 1914இல் நியூயார்க்கில் சொந்தமாக ஒளிப்படப் பள்ளி தொடங்கினார். மார்கரெட் போர்க்-ஒயிட் போன்றோர் ஒயிட்டிடம் பாடம் கேட்டவர்கள். சிறிய கேலரி ஒரே மனிதரின் கண்ணால் வாழ்கிறது. அந்தக் கண் ஒதுக்கியவர்கள் வேறு வாசல் தேட வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்து மாணவன்

பள்ளி ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், குழந்தைத் தொழிலாளர் படங்களால் பின்னர் அமெரிக்கச் சட்டங்களையே அசைத்தவர். அவர் ஒருமுறை தன் கேமரா வகுப்பு மாணவர்களை 291க்கு அழைத்து வந்தார். அந்தக் கூட்டத்தில் பால் ஸ்ட்ராண்ட் என்ற பையனும் இருந்தான். படங்களைப் பார்த்துவிட்டு, தானும் ஒளிப்படக் கலைஞனாவது என்று அன்றே முடிவு செய்ததாகப் பிற்காலத்தில் ஸ்ட்ராண்ட் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். தன் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். அந்நாளைய வழக்கப்படி மென்குவிய லென்ஸில் எடுத்த, பனிமூட்டம் போட்டதுபோன்ற படங்கள். ஸ்டீக்லிட்ஸ் அவற்றைப் பார்த்துவிட்டு, இந்த லென்ஸ் புல்லையும் தண்ணீரையும் மரப்பட்டையையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறதே என்று சுட்டிக்காட்டினார். ஸ்ட்ராண்ட் லென்ஸை மாற்றினார்; கூடவே பார்வையும் மாறியது. 1915இல் வால் ஸ்ட்ரீட்டில் அவர் எடுத்த படத்தில் வங்கிக் கட்டடத்தின் இருண்ட பெரும் பள்ளங்களுக்குக் கீழே மனிதர்கள் நீண்ட நிழல்களோடு சிறு புள்ளிகளாக நடக்கிறார்கள். 1916 மார்ச்சில் 291இல் அவருடைய கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது 25. 'கேமரா வொர்க்' இதழின் கடைசி இரண்டு தொகுதிகளிலும் அவர் படங்களே முன்னின்றன.

கல்லூரியோ பாடத்திட்டமோ இல்லாத பள்ளிக்கூடம் அது. ஒரு சுவர், பேசுவதற்கு ஓர் ஆள், வந்து நின்று கேட்பதற்கு ஓர் இளைஞன். சிறிய கேலரி செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுவாகத்தான் இருக்கும்.

கையைக் கடித்த கணக்கு

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அந்த மாதம் 291இன் சுவரில் ஜார்ஜியா ஓகீஃப் வரைந்த ஓவியங்கள் இருந்தன. அதுவே கடைசிக் கண்காட்சி. தொடக்கத்தில் ஆயிரம் பேர் வாங்கிய 'கேமரா வொர்க்' இதழுக்கு முடிவில் நாற்பது சந்தாதாரர்கூட மிஞ்சவில்லை. ஜூன் மாதம் 49ஆவது, 50ஆவது இதழ்களை ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டு நிறுத்திக்கொண்டார்கள். விற்காத பிரதிகளில் பெரும்பகுதி பழைய காகிதத்தின் விலைக்குப் போனது. கையால் ஒட்டிய அந்த ஜப்பானியத் தாள்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு வலிக்கும்.

அதன் பின்னும் ஸ்டீக்லிட்ஸ் ஓயவில்லை. 1921இல் ஆண்டர்சன் கேலரியில் அவருடைய 145 பிரின்ட்டுகள் தொங்கின. 1922 முதல் மேகங்களை எடுத்தார். பெரும்பாலும் நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குல நெகடிவிலிருந்து அதே அளவில் போட்ட பிரின்ட்டுகள். உள்ளங்கையில் அடங்கும் வானம். குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்டுமளவு நெருங்கினால்தான் அவற்றைப் பார்க்க முடியும். பிறகு 1925இல் 'இன்டிமேட் கேலரி' என்ற ஒற்றை அறை. 1929இல் மேடிசன் அவென்யூவில் 17ஆம் மாடியில் 'ஆன் அமெரிக்கன் பிளேஸ்'. 1946இல் அவர் இறக்கும்வரை அது நடந்தது. 1936இல் ஆன்சல் ஆடம்ஸ் அங்கே தன் படங்களை மாட்டினார். 1938 டிசம்பர் இறுதியில் எலியட் போர்ட்டரின் படங்கள் தொங்கின. ஹார்வர்டில் மருத்துவ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த போர்ட்டர் அந்தக் கண்காட்சிக்குப் பிறகு ஆய்வகத்தை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க ஒளிப்படத்துக்கே வந்துவிட்டார்.

பின்வந்தவர்களுக்கும் பணக் கணக்கு ஒத்துவரவில்லை. 1931 நவம்பரில் ஜூலியன் லெவி நியூயார்க்கில் தன் கேலரியை ஒளிப்படக் கண்காட்சியோடுதான் திறந்தார். ஒளிப்படம் விற்கவில்லை, சர்ரியலிச ஓவியத்தின் பக்கம் போக வேண்டிவந்தது. ஆனாலும் பாரிஸின் தெருக்களை வாழ்நாளெல்லாம் படமெடுத்த ஏழை யூஜின் அத்ஜே இறந்தபின், பெரனிஸ் ஆபட் அவருடைய சேகரிப்பை அழியாமல் காப்பாற்றியதில் லெவியின் பணம் உண்டு. 1968இல் அந்தச் சேகரிப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது.

1954இல் ஹெலன் கீ வேறு வழி கண்டார். படங்களுக்கு டச்சிங் செய்து பிழைத்துவந்தவர் அவர். கிரீன்விச் வில்லேஜில் 'லைம்லைட்' என்ற காபிக்கடையைத் திறந்து, அதன் ஒரு பகுதியை ஒளிப்படக் கேலரியாக்கினார். மேசையில் காபி ஓடும், சுவரில் படம் நிற்கும். காபியில் வந்த காசு படத்தின் வாடகையைக் கொடுத்தது. எட்வர்ட் வெஸ்டனின் பிரின்ட்டுகூட நூறு டாலருக்கும் குறைந்த விலைக்கு அங்கே கிடைத்தது. அந்த விலைக்கும் வாங்குவோர் அரிதாகத்தான் வந்தார்கள். 1961இல் கடை மூடியது.

லைம்லைட் திறந்த மறு ஆண்டு, 1955இல், நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' நடந்தது. 68 நாடுகள், 273 ஒளிப்படக்காரர்கள், 503 படங்கள். அமைத்தவர், 1905இல் சாக்குத்துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்த அதே ஸ்டைக்கன். படங்களை ஆளுயரத்துக்கும் பெருக்கி, பலகையில் ஒட்டி, நடைபாதையைப் போல அமைத்தார். உலகம் முழுவதும் சுற்றிய அந்தக் கண்காட்சி பல லட்சம் பேரின் மனத்தைத் தொட்டது. அங்கே பேசியவை உருவங்கள். பிசின் பூச்சையும் தாளின் நாரையும் பார்க்க வேண்டியவருக்கு அப்போதும் ஹெலன் கீயின் காபிக்கடையே கதி.

குமாரசுவாமியின் கேள்வி

இவ்விடத்தில் குமாரசுவாமியிடம் திரும்பலாம். 1943இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கலைப் படைப்புகளை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற கேள்வியே அதன் தலைப்பு. வழிபாட்டுக்கும் பயன்பாட்டுக்கும் செய்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, அழகை மட்டும் ரசி என்று சொல்வது அவருக்கு ஏற்பில்லை. பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கற்றுக்கொடுப்பதே அருங்காட்சியகத்தின் வேலை என்றார். வாழும் கலைஞரின் படைப்புக்கு அழிவு நெருங்கவில்லை. அதை அருங்காட்சியகம் காட்டுவது கலை வியாபாரியின் வேலையைச் செய்வதாகும் என்றும் எழுதினார்.

அப்படி எண்ணியவர், இருபது ஆண்டுகளுக்கு முன் உயிரோடிருந்த ஸ்டீக்லிட்ஸிடம் 27 படங்கள் கேட்டிருக்கிறார். இதை முரண்பாடு என்று ஒதுக்குவது எளிது. கைவினை நோக்கில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கண்டிக் கைவினைஞர்களின் வேலைப்பாட்டைப் பதிவுசெய்து 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு, அவருடைய மனைவி எதெல் ஒளிப்படங்கள் எடுத்துக் கொடுத்தார். குமாரசுவாமியும் கேமரா பிடித்தவர். ஒரு பிரின்ட்டில் கையும் கருவியும் பொருளும் எப்படிச் சேருகின்றன என்பதை அவர் புறத்தே நின்று பார்த்தவர் அல்ல. அவர் கண்ணுக்கு ஸ்டீக்லிட்ஸ் ஒரு தேர்ந்த கைவினைஞராகவும் தெரிந்திருக்க வேண்டும்.

வாசல் ஒருமுறை திறந்தபின் மற்றவையும் நகர்ந்தன. 1928இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஸ்டீக்லிட்ஸின் 22 படங்களை ஏற்றது. 1933இல், அவர் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த பிற கலைஞர்களின் 400க்கும் மேற்பட்ட பிரின்ட்டுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றுள் 'குளம் — நிலவொளி'யும் ஒன்று. சாக்குத்துணிச் சுவரிலும் திரைக்குப் பின்னால் தட்டிலும் கிடந்தவை அரண்மனை போன்ற கட்டடத்தில் இடம் பிடித்தன.

லிஃப்ட்காரர்

291க்கு வந்த ஒவ்வொருவரையும் மேலே ஏற்றிச் சென்றவர் ஒருவர் உண்டு. ஹாட்ஜ் கிர்னன், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின இளைஞர். அந்தச் சின்ன லிஃப்ட்டை இயக்கியவர். மத்தீஸைப் பார்க்கப் போனவர்களும் பிக்காசோவைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு இறங்கியவர்களும் அவருக்குப் பழக்கம். இடைவேளையில் அவரும் மேலே வந்து படங்களைப் பார்ப்பார்.

'கேமரா வொர்க்' இதழின் 47ஆவது எண்ணில் ஸ்டீக்லிட்ஸ் ஒரே கேள்வியைப் பலரிடம் கேட்டு, பதில்களை அச்சிட்டார்: உங்களுக்கு 291 என்பது என்ன? ஓவியர்களும் விமர்சகர்களும் எழுத்தாளர்களுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். அவர்களோடு கிர்னனும் எழுதினார். பிறர் பெயருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு லிஃப்ட்காரரின் பெயரும் அந்த இதழில் நிற்கிறது.

அறையை மூடிய 1917இல் ஸ்டீக்லிட்ஸ் கிர்னனைப் படம் எடுத்தார். ஸ்டீக்லிட்ஸ் மறைந்தபின் அவருடைய மனைவி ஓகீஃப், அவருடைய ஒவ்வொரு படத்திலும் கைக்கு எட்டிய மிகச் சிறந்த பிரின்ட்டைத் தேர்ந்து வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். 1,642 பிரின்ட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பில் நியூயார்க்கின் பனித்தெருக்கள் இருக்கின்றன, மேகங்கள் இருக்கின்றன, ஓகீஃபின் கைகள் இருக்கின்றன. ஹாட்ஜ் கிர்னனும் இருக்கிறார்.